கேட்டவரும் டைரக்டர், சொன்னவரும் டைரக்டர்!

சினிமாவைப் பற்றிய புத்தகங்களுக்கு உலகில் பஞ்சமே இல்லை. நட்சத்திரங்களின் காதலும் கல்யாணமும் ஒரு புத்தகம். முதலாளிகள் லட்சம் சேர்த்த கதை இன்னொரு புத்தகம். படம் கொட்டகையை விட்டுப் போனதும் புத்தகமும் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். ஆனால், 1966-ல் பாரிஸ் நகரில் வெளியான ஒரு புத்தகத்துக்கு மட்டும் அந்தக் கதி நேரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சினிமாத் தொழிலைப் பயில விரும்பும் இளைஞர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தில் கதை கிடையாது. தத்துவ விசாரணையும் கிடையாது. இரண்டு டைரக்டர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பேச்சு, அவ்வளவுதான். பதில் சொன்னவர் மர்மப் பட மன்னர் ஆல்பிரட் ஹிட்ச்காக். கேள்வி கேட்டவர் பிரெஞ்சு டைரக்டர் பிரான்சுவா த்ரூபோ.

குளத்தில் விழுந்த நிருபர்கள்

இருவருடைய முதல் சந்திப்பே ஒரு வேடிக்கை. 1955-ம் வருஷத்துக் குளிர்காலம். ஹிட்ச்காக் தமது படம் ஒன்றுக்குக் குரல் சேர்க்கும் வேலையாகப் பாரிஸ் அருகே ஒரு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். த்ரூபோ அப்போது வெறும் பத்திரிகை விமர்சகர். கிளாத் ஷாப்ரோல் என்ற நண்பரையும், இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியையும் கூட்டிக்கொண்டு பேட்டிக்குப் புறப்பட்டார்.

ஸ்டூடியோ முற்றத்தில் ஒரு குளம் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அதைக் கவனியாமல் இருவரும் கால் வைத்தார்கள். பனி உடைந்தது. நிருபர்கள், கருவி எல்லாமே தண்ணீரில்! நனைந்த கோழிகளாக எதிரே வந்து நின்றவர்களைப் பார்த்த ஹிட்ச்காக், மாலையில் ஹோட்டலுக்கு வரும்படி சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து மறுபடி சந்தித்தபோது, விஸ்கிக் கோப்பையில் பனிக்கட்டி கலகலக்கும் ஒலி கேட்கும்போதெல்லாம் உங்கள் இருவர் ஞாபகந்தான் வருகிறது என்று சொல்லிச் சிரித்தாராம்.

ஏன் இந்தப் புத்தகம்?

அந்த நாளில் அமெரிக்காவில் ஹிட்ச்காக்கின் பெயரை அறியாதவர் இல்லை. படங்கள் பணத்தை வாரிக் கொட்டின. டெலிவிஷனிலும் வாரந்தோறும் அவர் முகம். ஆனால் படித்த விமர்சகர்கள் அவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஜனங்களைப் பயமுறுத்திக் காசு பறிக்கும் கெட்டிக்காரர் என்பதே அவர்கள் முடிவு. திகிலும் வேடிக்கையும் உள்ள இடத்தில் கலைக்கு என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம்.

1962-ல் த்ரூபோ தம்முடைய படம் ஒன்றின் சம்பந்தமாக நியூயார்க் சென்றார். அதற்குள் அவரும் பெயர் பெற்ற டைரக்டராகிவிட்டார். அங்கே பத்திரிகைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவரிடம் கேட்ட கேள்வி, "ஹிட்ச்காக்கை ஏன் இவ்வளவு பெரிதாக நினைக்கிறீர்கள்?" என்பதே. விமர்சனக் கட்டுரை எழுதி இவர்களைத் திருப்ப முடியாது, அந்த மனிதரையே பேச வைத்தால்தான் உண்டு என்று த்ரூபோ தீர்மானித்தார்.

அந்த ஜூன் மாதம் ஹிட்ச்காக்குக்கு ஒரு நீண்ட கடிதம் போனது. உங்கள் தொழில் வாழ்க்கையை முதலிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு கேட்பேன், சம்மதமா? அறுபதைத் தாண்டிய அந்த மனிதருக்குக் கடிதத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டதாகப் பதில் தந்தி வந்தது. ஊரெல்லாம் கைதட்டியும், தொழிலில் தம் மதிப்பை அறிந்து கேட்க ஒருவர் வரவில்லையே என்ற குறை அவருக்குள் இருந்திருக்கிறது!

ஒரு வாரம், மூன்று பேர்

1962 ஆகஸ்டு 13. அன்று ஹிட்ச்காக்குக்கு 63 வயது நிறைந்த பிறந்த நாள். ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோவில் அவருடைய காரியாலயத்தில் பேட்டி தொடங்கியது. த்ரூபோவுக்கு வயது 30. எடுத்து முடித்தவை 3 முழுநீளப் படங்கள். எதிரே இருந்தவரோ ஏறக்குறைய 50 படங்கள் எடுத்தவர்.

மூன்றாவதாக அங்கே இருந்தவர் ஹெலன் ஸ்காட் என்ற மாது. த்ரூபோவுக்கு ஆங்கிலம் வராது; ஹிட்ச்காக்குக்குப் பிரெஞ்சு போதாது. கேள்வியை இந்தப் பக்கமும் பதிலை அந்தப் பக்கமுமாக இடைவிடாமல் மொழிபெயர்த்துத் தள்ளியவர் இவர்தான். இவர் இல்லையேல் புத்தகமே இல்லை. சுமார் 500 கேள்விகளோடு வந்த த்ரூபோ, ஒரு வாரம் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

பாலுக்குள் ஒரு விளக்கு!

மற்றப் பேட்டிகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்த நடிகை அழகி, எந்த நடிகரோடு தகராறு என்று த்ரூபோ கேட்கவில்லை. "இந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்? காமிராவை ஏன் அங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டார். தச்சரிடம் இன்னொரு தச்சர் இழைப்புளியைப் பற்றிக் கேட்பது போன்ற கேள்விகள்.

1941-ல் வந்த 'சஸ்பிஷன்' படத்தில் கணவன் மனைவிக்கு ஒரு கோப்பைப் பாலை மாடிக்கு எடுத்துப் போகிறான். அதில் விஷம் இருக்குமோ என்பது நம் பயம். இருட்டில் அந்தப் பால் மட்டும் பளீரென்று தெரியும். என்ன மாயம்? கோப்பைக்குள் ஒரு சிறு விளக்கை வைத்துவிட்டேன் என்கிறார் ஹிட்ச்காக். ரசிகன் கண் வேறெங்கும் போகக்கூடாதே!

1960-ல் வந்த 'சைகோ'வின் குளியலறைக் கொலையும் பேச்சில் வருகிறது. திரையில் ஓடுவது 45 விநாடி. அதை எடுக்க 7 நாள் ஆயிற்று. காமிராவை 70 முறை இடம் மாற்றி வைத்தார்களாம்.

திகில் என்பது என்ன என்றும் அவர் விளக்குகிறார். மேஜையருகே இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. ரசிகர்களுக்குச் சில விநாடி அதிர்ச்சி, அதோடு சரி. அதே குண்டை வைப்பதை ரசிகர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால்? பேசுகிறவர்கள் ஊர் வம்பு பேசினாலும் பார்ப்பவர்கள் தவிப்பார்கள். சில விநாடி அதிர்ச்சி பல நிமிஷத் தவிப்பாக மாறுகிறது. ரசிகனிடம் ரகசியத்தை மறைப்பதைவிட, அவனிடம் சொல்லிவிட்டுத் தவிக்கவிடுவதே தந்திரம்!

தவறையும் மறைக்கவில்லை

தம் பெருமையை மட்டும் அவர் பேசியிருந்தால் புத்தகம் இத்தனை காலம் நின்றிருக்காது. 1936-ல் எடுத்த 'சபடாஜ்' படத்தில், கையில் இருப்பது குண்டு என்று அறியாத சிறுவன் ஒருவன் பஸ்ஸில் போகிறான். ரசிகர்கள் துடிக்கிறார்கள். குண்டு வெடித்துச் சிறுவன் இறந்துவிடுகிறான். ஜனங்கள் கோபம் கொண்டார்கள். அது என் தவறு என்று ஹிட்ச்காக் ஒப்புக்கொள்கிறார்.

1948-ல் எடுத்த 'ரோப்' படத்தில் காமிராவை நிறுத்தாமல் சுமார் பத்துப் பத்து நிமிஷமாக எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே சூரியாஸ்தமனத்தின் நிறம் மிகுந்துபோய், கடைசி ரீல்களைத் திரும்ப எடுக்க நேர்ந்தது. பின்னாளில் எண்ணிப் பார்த்தால் அந்த முயற்சியே அர்த்தமற்றது என்கிறார்.

பிள்ளைப் பிராயத்துக் கதை ஒன்றும் இடையே வருகிறது. நாலைந்து வயதில் தகப்பனார் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுச் சில நிமிஷம் பையனை அறைக்குள் பூட்டி, குறும்பு செய்தால் இதுதான் என்றாராம். கேட்டுக்கொண்டிருந்த த்ரூபோவின் கதை இதைவிடக் கொடியது. 1948-ல், 16 வயதில், வளர்ப்புத் தந்தையே அவரைப் போலீசில் ஒப்படைத்தார். பின்னர் அதையே தம் முதல் முழுநீளப் படத்தில் காட்சியாக்கினார். ஒருவருக்குப் பயம் படமாயிற்று. இன்னொருவருக்கு ஏக்கம் படமாயிற்று.

குறையும் உண்டு

புத்தகம் வெளிவர நாலு வருஷம் பிடித்தது. காட்சிகளைப் படம் படமாகப் பிரித்துப் பக்கங்களில் அடுக்க அவ்வளவு உழைப்பு. 1967-ல் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. ஒலிநாடாக்களைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பேசியதற்கும் அச்சானதற்கும் பல இடங்களில் வேற்றுமை இருப்பதைக் கண்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னது பிரெஞ்சுக்குப் போய் மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பினால் அப்படித்தானே ஆகும்! கதை வசனம் எழுதியவர்களுக்கும், படங்களில் கூடவே உழைத்த மனைவி ஆல்மாவுக்கும் இன்னும் சில பக்கங்கள் கிடைத்திருக்கலாம் என்ற மனக்குறையும் நமக்கு உண்டு.

இருந்தாலும் காரியம் நடந்துவிட்டது. சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பந்தயத்தில் ஐந்து முறை நின்றும் ஹிட்ச்காக் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. 1968-ல்தான் ஆஸ்கார் சபை அவருக்கு ஒரு கௌரவப் பரிசு அளித்தது. 1980 ஏப்ரல் 29-ம் தேதி, 80-வது வயதில் அவர் காலமானார். த்ரூபோ புத்தகத்தில் ஒரு கடைசி அத்தியாயம் சேர்த்து, 1983-ல் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். மறு வருஷம் அக்டோபரில் அவரும் 52 வயதிலேயே மறைந்தார்.

1958-ல் வந்தபோது விமர்சகர்கள் பலர் சுமாரானது என்று தள்ளிய படம் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 2012-ல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதுவே உலகத்தின் முதல் படமாகத் தேர்ந்தது. 2022 வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். இந்த மாற்றம் முழுவதும் ஒரே புத்தகத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஜனங்களைச் சிரிக்கவும் நடுங்கவும் வைக்கிறவனும் கலைஞன்தான் என்று விமர்சகர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

படம் எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே, தொழில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். அதனால் அந்தத் தொழில் ரகசியங்கள் அவரோடு மறைந்து போகவில்லை.