பெட்ரோலை நிமிடங்களில் எண்ணுகிறவர்கள்

உலகிலேயே மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். அதன் 172எஸ் ரகத்தில் இறக்கைகளுக்குள் இருக்கும் இரண்டு டேங்குகளிலும் சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் சுமார் 200 லிட்டர். சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 36 லிட்டர் குடிக்கும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கார்க்காரர் கேட்பதுபோல் விமானி கேட்பதில்லை. டேங்கில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்றுதான் கேட்பார். காரணம், காற்று.

உதாரணமாக, 270 கடல் மைல் தொலைவுக்குப் போய், வழியில் எங்கும் நிரப்பாமல் திரும்ப வேண்டும். விமானத்தின் வேகம் 120 நாட், அதாவது மணிக்கு 120 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் போக 2 மணி 15 நிமிடம், வரவும் அவ்வளவே. மொத்தம் நாலரை மணி. அன்று 30 நாட் காற்று எதிரே வீசினால்? போவதற்கு 3 மணி நேரம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் 1 மணி 48 நிமிடம். கூட்டினால் 4 மணி 48 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று நம்பினால் 18 நிமிடம் துண்டு விழும். எதிர்க்காற்றோடு போராடும் நேரம் அதிகம், அது உதவும் நேரம் குறைவு என்பதால் வரும் வித்தியாசம் இது.

இந்தப் பயணத்துக்கு 173 லிட்டர் தேவை. எஞ்சினைக் கிளப்பி, ஓடுதளம்வரை உருட்டி, மேலெழ ஐந்து லிட்டர். அமெரிக்க விதிப்படி, கண்பார்வையை நம்பிப் பகலில் பறப்பவர் சேருமிடத்தை அடைந்த பின்னும் 30 நிமிடம் பறக்கக் கையிருப்பு வேண்டும். இரவில் 45 நிமிடம். பகல் கையிருப்பு 18 லிட்டர். ஆக 196. உயரே ஏறும்போது கூடுதலாக எரிவதை இன்னும் சேர்க்கவே இல்லை! வழியில் இறங்கி நிரப்புவதே முறை. விதி கேட்பது அரை மணியானாலும் ஒரு மணி நேரக் கையிருப்பு வைப்பதுதான் சரி என்பேன்.

எப்போதும் டேங்கை நிரப்பிவிடலாமே என்றால், எடை விடாது. ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் 200 லிட்டர் 144 கிலோ. பெரியவர்கள் நால்வரும் ஏறினால் முழு டேங்குக்குப் பெரும்பாலும் இடம் கொடுக்காது.

கணக்குப் போட்டாலும் டேங்கில் அந்த அளவு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். முள்ளை மட்டும் நம்பாமல், இறக்கைமேல் மூடியைத் திறந்து அளவுக்கோலை விட்டுப் பார்க்கிறார்கள். அடியிலிருந்து சிறு குவளையில் கொஞ்சம் வடித்தும் பார்ப்பார்கள்: 100எல்எல் என்ற ரக ஏவ்கேஸ் நீலமாகத் தெரியும், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமின்றித் தனியே நிற்கும்.

பறக்கும்போதும் கணக்கு ஓயாது. குறித்து வைத்த ஊர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிட வலுத்திருக்கிறது. மிச்சத்தை அங்கேயே மறுபடி கணக்கிட்டு, கையிருப்பில் கைவைக்க நேருமென்றால் அருகிலுள்ள விமானத்தளத்தில் இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும்.