கடவுச்சொல் பெட்டகத்தின் சாவி யாரிடம்? செயலியைத் தேர்வு செய்யும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: வங்கி, வருமான வரி இணையதளம், ரயில் முன்பதிவு, வருங்கால வைப்பு நிதி, மின் கட்டணம் என ஒரு சாதாரணக் குடும்பத்தில் கடவுச்சொல் கேட்கும் கணக்குகளை இன்று விரல்விட்டு எண்ண இயலாது. அத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே கடவுச்சொல்லே பயன்படுகிறது. இல்லையெனில், கைப்பேசியின் தொடர்பு எண்கள் பட்டியலில் ஏதோ ஒரு பெயரில் அது ஒளித்து வைக்கப்படுகிறது. ஆதார், பான் அட்டைகளின் படங்களோ வாட்ஸ்அப் உரையாடல்களில் சிதறிக் கிடக்கின்றன.

இதற்குத் தீர்வாகப் பரிந்துரைக்கப்படுவது பாஸ்வேர்டு மேனேஜர் எனப்படும் கடவுச்சொல் மேலாண்மைச் செயலி. விலை, வசதிகள், மதிப்பெண்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு அதைத் தேர்வு செய்வோரே அதிகம். ஆயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. செயலி நிறுவனத்தின் சர்வரில் உள்ள தரவு திருடப்பட்டால் திருடியவருக்கு என்ன கிடைக்கும்? முதன்மைக் கடவுச்சொல்லை உரியவர் மறந்தாலோ, அவர் இல்லாமல் போனாலோ, பெட்டகத்தை யார் திறப்பார்? முதல் கேள்விக்குச் சிறந்த விடை தரும் செயலி, இரண்டாவது கேள்வியில் குடும்பத்தைச் சிக்கலில் விட்டுவிடக்கூடும்.

செயல்படும் முறை

இச்செயலிகளில் நினைவில் கொள்ள வேண்டியது ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல். அதிலிருந்து பயனரின் கருவியிலேயே ஒரு சாவி உருவாக்கப்பட்டு, மற்ற கடவுச்சொற்கள் அனைத்தும் பிறர் படிக்க இயலாதவாறு குறியாக்கம் செய்யப்படுகின்றன. நிறுவனத்தின் சர்வருக்குச் செல்வது பூட்டிய பெட்டி மட்டுமே. நன்கு வடிவமைக்கப்பட்ட சேவையில் சாவி நிறுவனத்திடமே இருப்பதில்லை. ஆகவே 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று வாடிக்கையாளர் சேவையை அழைத்தாலும் பயன் இல்லை.

அதிகம் பேசப்படாத பயன் இன்னொன்று உண்டு. வங்கியின் பெயரில் வரும் கேஒய்சி குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பு, அசலைப் போலவே தோன்றும் போலித் தளத்துக்கு இட்டுச் செல்கிறது. மனிதக் கண் ஏமாறும் இடம் அது. செயலியோ தள முகவரியைச் சேமித்த முகவரியுடன் ஒப்பிட்ட பின்னரே கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரம்பும் கட்டம் ஒரு நாள் காலியாக நின்றால் அதுவே எச்சரிக்கை. இதில் பண இழப்பும் அடங்கியுள்ளது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பரிவர்த்தனை ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தகவல் தெரிவிக்கப்படும் வரை அவரையே சேரும்.

2022ஆம் ஆண்டின் பாடம்

பூட்டிய பெட்டியே களவு போனால் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் நிகழ்வு சான்றாக உள்ளது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்கள் அடங்கிய காப்புப் பிரதியை ஊடுருவல்காரர்கள் நகலெடுத்துச் சென்றதாக 2022 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் இணையதள முகவரிகள் அவ்வாறு பாதுகாக்கப்படவில்லை. யாருக்கு எந்தத் தளத்தில் கணக்கு உள்ளது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே அறிய முடிந்தது. பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக இந்த ஊடுருவல் நடந்ததாகப் பின்னர் தெரியவந்தது.

அதன் பிறகு ஒவ்வொருவரின் பாதுகாப்பும் இரண்டு விஷயங்களையே சார்ந்திருந்தது. ஒன்று, முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமை. மற்றொன்று, அதைச் சாவியாக மாற்றும் கணக்கீடு எத்தனை முறை திரும்பச் செய்யப்படுகிறது என்பது. எண்ணிக்கை கூடக்கூட ஊகித்துத் திறக்க முயல்வோருக்கு நேரமும் செலவும் கூடும். அந்நிறுவனத்தின் புதிய கணக்குகளில் இது 1,00,100 முறையாக இருந்தது. பழைய கணக்குகள் சிலவற்றில் 5,000 என்ற அளவிலேயே நின்றிருந்தது. களவு போன நகலில் உள்ள பூட்டை அதன் பின் எவராலும் மாற்ற இயலாது. பெட்டகத்தில் இருந்த கடவுச்சொற்களை ஒவ்வொரு தளமாகச் சென்று மாற்றுவது மட்டுமே எஞ்சிய வழி.

எதைத் தேர்வு செய்யலாம்?

பிட்வார்டன் திறந்த மூலச் செயலி; அதன் நிரல் பொதுவெளியில் ஆய்வுக்குக் கிடைக்கிறது. இலவசத் திட்டத்திலேயே எண்ணிக்கை வரம்பின்றிக் கடவுச்சொற்களைச் சேமிக்கலாம். 1பாஸ்வேர்டு கட்டணச் சேவை. முதன்மைக் கடவுச்சொல்லுடன், கருவியில் உருவாகும் நீண்ட ரகசியச் சாவி ஒன்றும் அதில் தேவைப்படும். சர்வரில் உள்ள தரவு களவு போனாலும், கடவுச்சொல்லை மட்டும் ஊகித்து அதைத் திறக்க இயலாது. கீபாஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் நிறுவனமும் இல்லை, சர்வரும் இல்லை. பெட்டகம் பயனரின் கணினியில் ஒரு கோப்பாகவே இருக்கும். நகல் எடுத்து வைக்கும் பொறுப்பும் அவருடையதே. ஹார்டு டிஸ்க் பழுதானால் அனைத்தும் போகும்.

கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் செயலிகள் கைப்பேசியுடனேயே வருகின்றன. ஆப்பிள் 2024இல் இதற்கெனத் தனிச் செயலியை வெளியிட்டது. எதையும் பயன்படுத்தாமல் இருப்பதைவிட இவை பன்மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. கூகுள் சேவையின் இயல்பான அமைப்பில் குறியாக்கச் சாவி கூகுள் கணக்குடன் சேர்த்தே பாதுகாக்கப்படுகிறது. சாவியைப் பயனரின் கருவியில் மட்டும் வைத்துக்கொள்ளும் தெரிவும் அதில் உண்டு. ஆனால் திரைப்பூட்டு எண் வீட்டில் அனைவருக்கும் தெரிந்த கைப்பேசியில் எந்தச் செயலியின் பூட்டும் வலுவிழந்துவிடும். கேம் விளையாடும் குழந்தைக்குச் சொல்லித் தந்த நான்கு இலக்க எண்ணே பல வீடுகளில் பெட்டகத்தின் சாவியாகவும் உள்ளது.

முதன்மைக் கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, பெரிய எழுத்து, எண், குறியீடு கலந்த சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை மதிப்பிழந்துவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் அந்த விதிகளை எழுதிய பில் பர், அதற்காக வருந்துவதாக 2017இல் பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். நீளமே வலிமை. தொடர்பில்லாத ஐந்து, ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதலாம். பாடல் வரி, குறள், குலதெய்வத்தின் பெயர் ஆகியவை வேண்டாம். அவை ஊகிக்கத் தக்கவை. யுபிஐ ரகசிய எண்ணை எந்தச் செயலியிலும் எழுதாமல் மனத்தில் வைப்பதே நல்லது.

ஆவணங்களை எங்கே வைப்பது?

அரசு வழங்கும் ஆவணங்களுக்கு டிஜிலாக்கர் பொருத்தமான இடம். 2015இல் தொடங்கப்பட்ட இச்சேவையில், வழங்கும் துறையிடமிருந்தே நேரடியாகப் பெறப்படும் ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவை தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அசலுக்கு இணையாகக் கருதப்படுகின்றன. பலரும் கவனிக்கத் தவறும் வேறுபாடு இங்கே உள்ளது. பயனர் தாமே ஸ்கேன் செய்து பதிவேற்றும் கோப்புகளுக்கு அந்தத் தகுதி இல்லை. அவை வெறும் நகல்களே. உயிலும் அவ்வாறே. உயில் எழுதுபவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்ட தாளே செல்லும். வீட்டுப் பத்திரம், உயில் ஆகியவற்றின் ஸ்கேன் பிரதி தேடி எடுக்க உதவுமே தவிர, அசலின் இடத்தைப் பிடிக்காது.

மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் போன்றவற்றை கிளவுட் சேமிப்பில் வைப்போர், கிரிப்டோமேட்டர் போன்ற செயலியால் குறியாக்கம் செய்த பின் பதிவேற்றலாம். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல்லை நம்பி அதை அப்படியே அனுப்புவது சரியன்று. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அக்கடவுச்சொல். இவ்விரண்டையும் அறிந்த எவரும் கோப்பைத் திறக்கலாம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரையும் ஆதார் இணையதளத்தில் பெறலாம். விடுதிகளில் அடையாளம் காட்ட அதைத் தருவது நல்லது.

ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதார் படத்தை அனுப்பி அச்செடுக்கும் பழக்கம் நாடு முழுவதும் பரவியுள்ளது. வழியில் எவரும் படிக்காதவாறு வாட்ஸ்அப் காக்கிறது என்பது உண்மையே. ஆனால் கோப்பு கடைக் கணினியை அடைந்ததும் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. அச்செடுத்தவுடன் கண்ணெதிரே அழிக்கச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. நகலின் மீது எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் தரப்பட்டது என்று குறுக்கே எழுதித் தருவதும் பயன்படும்.

குடும்பத்துக்கான வழி

குடும்பத்தின் கணக்குகளைக் கவனித்து வந்த ஒருவர் திடீரென மறைந்தால், அத்தனை பாதுகாப்பும் குடும்பத்துக்கு எதிராகத் திரும்பும். பிட்வார்டன் கட்டணத் திட்டத்தில், நம்பிக்கைக்குரிய ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். அவர் அனுமதி கோரியபின், உரியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். கூகுள் கணக்கு 3 முதல் 18 மாதங்கள் வரை பயன்படுத்தப்படாமல் இருந்தால், குறித்து வைத்த நபர்களுக்குத் தரவு செல்லும்படி அமைக்கலாம். ஆப்பிளிலும் மரபுத் தொடர்பாளரை நியமிக்கும் வசதி உண்டு. ஆயினும் அவரால் புகைப்படங்களைப் பெற முடியுமே தவிர, சேமித்த கடவுச்சொற்களைப் பெற முடியாது. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விவரங்களை வாரிசுகள் அறிய உதவும் வகையில், டிஜிலாக்கரில் நாமினி நியமிக்கும் ஏற்பாட்டை செபி 2025இல் அறிவித்தது.

இவை அனைத்தையும்விட எளியது ஒரு தாள். முதன்மைக் கடவுச்சொல், ரகசியச் சாவி இருப்பின் அது, இருபடிச் சரிபார்ப்புக்கான மீட்பு எண்கள் ஆகியவற்றை அதில் கையால் எழுதி, உறையில் ஒட்டி, நகை வைக்கும் இடத்திலோ வங்கி லாக்கரிலோ வைக்கலாம். கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்போரும் உண்டு. ஆனால் இணையத்தில் திருடுபவர் வீட்டு பீரோவைத் திறக்க வருவதில்லை.

மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அதே தாளில் எழுதுவது அவசியம். சில செயலிகள் புதிய கருவியில் முதன்முறை நுழையும்போது மின்னஞ்சலுக்குச் சரிபார்ப்பு எண் அனுப்புகின்றன. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள் மட்டுமே இருந்தால், பழைய கைப்பேசி தொலைந்த அன்று இரண்டையும் திறக்க வழியில்லை. செயலியை நிறுவியதும் வீட்டில் உள்ள வேறொரு கருவியில், தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருமுறை உள்நுழைந்து பார்த்தால் இது தெரிந்துவிடும்.