அப்பாவுக்கு லேப்டாப்: 21,990 ரூபாய்ல நான் பண்ணின தப்பு



மூணு வருஷம் முன்னாடி நடந்தது. அப்பா ரிட்டயர் ஆகி விருதுநகர்ல வீட்டுல இருக்கார். ரெண்டு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதித் தர்ற வேலையை எடுத்திருந்தார். "ஒரு லேப்டாப் இருந்தா நல்லாயிருக்கும்ப்பா. பெருசா ஒண்ணும் வேண்டாம், சும்மா எக்ஸெல்தான்"னு சொன்னார். நான் சென்னையில ஆபிஸ்ல உட்கார்ந்துக்கிட்டே, சேல்ல 21,990-க்கு வந்த ஒரு புது லேப்டாப்பை ஆர்டர் போட்டேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செலரான் பிராசஸர். பில்லைப் பார்த்து எனக்கே பெருமையா இருந்தது.

ஆறு மாசம் கழிச்சு ஊருக்குப் போனா, அது உறைக்குள்ள இருக்கு. அப்பா பழையபடி நோட்டுல எழுதி, கால்குலேட்டர்ல கூட்டிக்கிட்டிருக்கார். கேட்டதுக்கு, "எனக்குத்தான் இதெல்லாம் கைக்கு வரமாட்டேங்குது, விடுப்பா"ன்னார். முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு எழுதின மனுஷன்!

நான் ஆன் பண்ணிப் பார்த்தேன். எக்ஸெல் திறக்கறதுக்குள்ள ஒரு காபி குடிச்சிட்டு வரலாம். 64 ஜிபியில விண்டோஸும் அதோட அப்டேட்டும் உட்கார்ந்தது போக மிச்சம் கொஞ்சம்தான். அடுத்த அப்டேட்டுக்கு இடமே இல்லைன்னு மெசேஜ். ரேமை ஏத்தலாம்னு பார்த்தா, அது போர்டோட சேர்த்துச் சால்டர் பண்ணினது. ஸ்டோரேஜும் அப்படித்தான். தப்பு அந்த மெஷின் மேலயும் என் மேலயும். அதைத் தன் தலையில போட்டுக்கிட்டது அப்பா. எனக்கு 21,990 போனதை விட இதுதான் உறுத்துச்சு.

ரெண்டாவது தடவை, போன டிசம்பர்ல, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணினேன். என் ஆபிஸ் லேப்டாப்பை அப்பா கையில கொடுத்து, "உங்க ஒரு நாள் வேலையை இதுல பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். என்ன வேணும்னு கேட்டா நம்ம வீட்டுப் பெரியவங்க "இருக்கறதுல கம்மியானது போதும்"னுதான் சொல்வாங்க, நம்ம காசு மிச்சமாகட்டும்னு. பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் தெரியும். ஒரே நேரத்துல எக்ஸெல், ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் மூணும் திறந்து வெச்சிருக்கார். 4 ஜிபி எப்படித் தாங்கும்? எழுத்து சின்னதா இருக்குன்னு ஸ்க்ரீன் கிட்ட குனியறார். முக்கியமா, ஒவ்வொரு எண்ணுக்கும் கீபோர்டு மேல் வரிசையைத் தேடறார். வேலை பார்த்த காலமெல்லாம் நம்பர் பேட்லயே தட்டிப் பழகின விரல் அது. நான் வாங்கிக் கொடுத்ததுல நம்பர் பேடே கிடையாது!

அப்ப லிஸ்ட் தானா வந்துடுச்சு: 15.6 இன்ச், ஃபுல் எச்டி, நம்பர் பேட், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. (15.6 இன்ச்லயும் சில மாடல்ல நம்பர் பேட் இருக்காது. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க.)

புதுசா வாங்கினா நான் பார்த்த மாடல் 36,000. நோ காஸ்ட் இஎம்ஐ, 9 மாசம், மாசம் 4,000. வட்டியே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா பேங்க் வட்டி போடும். அந்தத் தொகையை விலையில டிஸ்கவுண்ட்டா கழிச்சுக் காட்டுவாங்க, அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி நம்ம தலையில. 16% வட்டின்னு வெச்சுக்கிட்டா வட்டி சுமார் 2,287, அதுக்கு ஜிஎஸ்டி 412. பிராசஸிங் ஃபீஸ் 199-னா, வரியோட 235. ஆக, சுமார் 647 ரூபாய் கூடப் போகுது. பெரிய தொகை இல்லைதான். ஆனா முழுப் பணமும் கட்டினா கிடைக்கற கார்டு டிஸ்கவுண்ட் இஎம்ஐல இருக்கான்னும் பாருங்க. பல நேரம் இருக்காது, அங்கதான் அடி.

நான் இஎம்ஐ பக்கமே போகலை. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரீஃபர்பிஷ்டு வாங்கினேன், 19,500. கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிட்டு மொத்தமா வித்துடற மெஷின்கள். டெல் லேட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக் மாதிரி ஆபிஸுக்குன்னே செஞ்ச சீரிஸ். கீபோர்டு உறுதியா இருக்கும். பெரும்பாலான மாடல்ல ரேமும் எஸ்எஸ்டியும் மாத்தலாம்.

ஆனா இங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கினா முதல் தடவை நான் பட்டதையே நீங்களும் படுவீங்க. "ஐ5" ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீங்க, அதுக்குப் பின்னாடி வர்ற எண்ணைப் பாருங்க. 8250-ன்னா எட்டாவது தலைமுறை, 6300-ன்னா ஆறாவது. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பொதுவா எட்டாவது தலைமுறையில இருந்துதான் மைக்ரோசாஃப்ட் அனுமதி. பழைய மெஷின்லயும் 11-ஐ எப்படியோ ஏத்திக் கொடுக்கறவங்க இருக்காங்க. அதுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லை. பேங்க் வேலை பார்க்கற மெஷின்ல அந்த ரிஸ்க் வேண்டாம்.

கடையிலயே விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு எண் வரும். எனக்குக் காட்டின முதல் பீஸ்ல ரெண்டாவது எண் முதல் எண்ணுல பாதி கூட இல்லை. வேற பீஸ் கேட்டேன். அடுத்து, ரீசெட் பண்ணி, இன்டர்நெட் கனெக்ட் பண்ணி முதல் செட்டப் வரைக்கும் போங்க. ஏதாவது கம்பெனி பேரைக் காட்டி அவங்க ஈமெயில் கேட்டா, அந்த மெஷின் இன்னும் பழைய கம்பெனி கட்டுப்பாட்டுல இருக்குன்னு அர்த்தம். வாங்காதீங்க. பயாஸ் பாஸ்வேர்டு இருக்கான்னும் பாருங்க. ஜிஎஸ்டி பில், அதுல சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை மாசம்னு எழுத்துல. எனக்கு ஆறு மாசம் கொடுத்தாங்க.

ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கலை, விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே அப்பாவுக்குப் போதும். ஆபிஸுக்கு வருஷச் சந்தாவும் கட்டலை. லிப்ரே ஆபிஸ் போட்டேன். ரெண்டு நாள் முணுமுணுத்தார், அப்புறம் பழகிட்டார். டிஸ்பிளே ஸ்கேல் 150%. அட்மின் அக்கவுண்ட் என்கிட்ட, அவருக்குத் தனி யூசர். "பேங்க்ல இருந்து பேசறோம், ஸ்க்ரீன் ஷேர் ஆப் போடுங்க"ன்னு யார் சொன்னாலும் போனை வெச்சுடணும்னு நேர்ல உட்கார்ந்து சொன்னேன். 1930 சைபர் கிரைம் நம்பரை அவர் போன்லயும் அம்மா போன்லயும் சேவ் பண்ணினேன்.

இப்ப ரெண்டு கடை நாலு கடை ஆயிடுச்சு. போன வாரம் கூப்பிட்டு, "தம்பி, இந்த பிரிண்டர்ல இங்க் டேங்க் நல்லதா, லேசர் நல்லதா?"ன்னு கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எடுப்பார்னு எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கேன். சொன்னதும் அந்தக் கணக்கை அடுத்த வீடியோல போட்டுடறேன்.