காணும் பொங்கலுக்கு மெரினாவா? தலையை எண்ணி பஸ் ஏறுங்க!

கட்டுச்சோறு ரெடி. பாய் ரெடி. பாட்டியும் ரெடி. அப்புறம் என்ன, மெரினாவுக்குக் கிளம்ப வேண்டியதுதான்!

தை மாதம் 3-ம் நாள் காணும் பொங்கல். அன்று மெரினாவில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். சுற்றுவட்டாரத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து குவிவார்கள். கொரோனா பரவிய 2021, 2022-ம் ஆண்டுகளில் அன்று கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது.

பர்ஸ் காலி!

பாயை விரித்ததும் புளியோதரை, தயிர்சாதம் காலியாகும். கை கழுவுவதற்குள் "தேங்கா, மாங்கா, பட்டாணி சுண்டல்" என்று சத்தம் கேட்கும். அப்புறம் ராட்டினம், குதிரை சவாரி, பலூன் சுடுதல். சாயங்காலத்துக்குள் அப்பாவின் பர்ஸ் இளைத்துவிடும்.

கையில் பட்டை

கூட்டத்தில் குழந்தை காணாமல் போனால் அத்தனை சந்தோஷமும் போச்சு. அதற்காகவே போலீசார் குழந்தைகள் கையில் அடையாளப் பட்டை கட்டுகிறார்கள். அதில் பெற்றோரின் போன் நம்பர் இருக்கும். "நம்ம பிள்ளை எங்கே போகப்போறான்" என்று இருந்துவிடாமல் கேட்டு வாங்கிக் கட்டுங்கள்.

குளிக்கத் தடை

அன்று கடலில் இறங்கத் தடை. கரையோரம் கட்டைகளால் தடுப்பு போட்டிருப்பார்கள். "காலை மட்டும் நனைச்சிட்டு வர்றேன்" என்று அதைத் தாண்டுகிறவர்கள் உண்டு. திரும்பும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவனுக்கும் அங்கே ஆபத்துதான்.

வந்தபோது எத்தனை தலை என்று பாட்டிக்குத் தெரியும். போகும்போதும் அந்தக் கணக்கு சரியாக இருக்கட்டும்!