சிறு காரோ, பழைய பெருங்காரோ?

எமது சிறிய மாருதி அல்ரோவைக் கொடுத்துப் பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60 ஒன்றை வாங்குதல் தகுமோ எனப் பண்டத்தரிப்பில் எமது இல்லத்திலே நெடுநாள் ஆராய்ந்தோம். முழங்கால் நோவுடைய அன்னையார்க்கு அகன்ற கதவும் உயர்ந்த இருக்கையும் வேண்டியிருந்தன.

பழைய இயந்திரத்தை இகழ்தல் யாழ்ப்பாணத்தார்க்கு ஒவ்வாது. 1990 இன் பின் பெற்றோல் தடைப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ40 வண்டிகள் சிறிது பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. அமுக்க விகிதம் குறைந்த இயந்திரமாதலின் அஃது இயன்றது.

எனினும் ஏ60 இன் இயந்திரம் 1622 சீ.சீ.; எமது காரினது 796. 2022 இல் பங்கீடு வந்தகாலை, பெருங்காராயினும் சிறுகாராயினும் தொடக்கத்தில் கிழமைக்கு 20 லீற்றரே. அவ்வளவைக்கொண்டு எமது சிறுகார் பாடசாலைக்கும் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கும் குறையின்றிச் சென்று வந்தது.

வாங்குவோர் இயந்திரத்துக்கு முன் துருவையே நோக்குக. ஏ40 சோமசெற்றுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. கேம்பிறிட்ஜுக்கோ உடற்கூடே பாரந்தாங்குவது. உப்புக்காற்றில் அடித்தகடு அரிபடின் வண்டி முழுதுமே வலுவிழக்கும். யாம் பார்த்த வண்டி புதுநிறத்தால் மின்னிற்று. கதவின் அடியில் திருப்புளியால் மெல்லக் குத்தினோம்; அது பிடிவரை உள்ளே சென்றது!

அல்ரோவையே வைத்துக்கொண்டோம். முன்னிருக்கையில் தடித்த மெத்தை ஒன்று இட்டுள்ளோம். அன்னையார் இறங்கும்போது இன்னும் கைகொடுக்க வேண்டியுள்ளது.