மணலின் சூடும் ஆமையின் பிறப்பும்

கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி புரியும் அம்மையார் ஒருவர் தம் பள்ளியில் இயற்கை மன்றம் தொடங்கியிருப்பதாகவும், மரக்கன்று நட்டு, ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தி முடித்த பிறகு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதாகவும், காடும் மலையும் நெடுந்தொலைவில் இருப்பதால் யானையையும் புலியையும் பிள்ளைகள் படத்தில் பார்ப்பதோடு சரி என்றும் எழுதியிருக்கிறார். "எங்கள் ஊரில் வனவிலங்கு ஏது?" என்று அவர் கேட்கிறார். நம் கிழக்குக் கடற்கரையில் வசிக்கும் எவரும் அவ்விதம் ஏங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம். மார்கழி கழிந்து தை பிறந்ததும், யானைக்கும் புலிக்கும் சட்டம் எந்த முதல் அட்டவணையில் இடம் கொடுத்துப் பாதுகாக்கிறதோ அதே அட்டவணையில் இடம் பெற்ற ஒரு பிராணி, ஆழ்கடலை விட்டு நீந்தி வந்து, இரவு நேரத்தில் நம் ஊர் மணலிலேயே ஏறுகிறது.

பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் அழைக்கும் ஆமை அது. புத்தகங்களில் ஆலிவ் ரிட்லி என்றிருக்கும். இந்தியக் கடல்களில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளுள் உருவத்தில் சிறியது. சிறியது என்றாலும் முதிர்ந்த ஆமையின் ஓடு இரண்டடிக்கு மேல் நீளமிருக்கும். எடை நாற்பது கிலோவை ஒட்டியிருக்கும். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யா முகத்துவாரத்திலும் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து ஒரே சமயத்தில் முட்டையிடுகிற அதே இனம், நம் கரையில் மட்டும் தனித்தனியாக, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று ஏறுகிறது. திரள் காண்பதற்குப் படகும் அனுமதியும் பிரயாணமும் வேண்டும். தனியாக வரும் ஆமையைக் காண்பதற்கு நல்ல கால்களும் பொறுமையும் இருந்தால் போதும்.

இந்தப் பொறுமையை ஒரு பழக்கமாகவே வளர்த்த பெருமை சென்னை நகரத்துக்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில், ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணையைச் சுற்றிச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் நகரத்துக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பிற்பாடு இந்தியக் கரைகளையும் தீவுகளையும் காலால் அளந்தவர் என்றே சொல்லலாம். 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில் லட்சத்தீவுகளுள் மனித வாசமற்ற சுஹேலியில் ஆமைகளைக் கவனிப்பதற்காகத் தன்னந்தனியாக மாதக்கணக்கில் தங்கியிருந்தபோது, மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்து அவர் கடலில் எறிந்தார். அதை இலங்கை மீனவர் ஒருவர் கண்டெடுத்து, உரிய விலாசத்துக்குத் தபாலில் அனுப்பி வைத்தார். 1988இல் கல்லூரி மாணவர்கள் கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தோற்றுவித்தார்கள். பின்னாளில் விஞ்ஞானியாகிய கார்த்திக் சங்கர் அந்த மாணவர்களுள் ஒருவர். மாணவர்கள் படித்து முடித்துப் போவதும் புதியவர்கள் வந்து சேர்வதுமாக அந்த அமைப்பு இன்றளவும் நடந்து வருகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் அவர்கள் நடுநிசியில் நடக்கும் நடை, என்னைப் பொறுத்தவரை, இந்நாட்டு இயற்கை மன்றங்களின் சரித்திரத்தில் முதல் வரிசையில் வைத்து எண்ணத் தக்கது.

நடையில் செய்வதெல்லாம் எளிமையானவைதான். ஓதம் ஏறும் எல்லையை ஒட்டி, கைவிளக்கை அணைத்து, பேச்சைக் குறைத்து நடக்க வேண்டும். ஆமை ஏறிய தடம் ஈர மணலின் நிறத்தில், ஏறக்குறைய முக்கால் மீட்டர் அகலத்தில், கடலிலிருந்து மேட்டை நோக்கிப் போகும். நான்கு துடுப்புக் கால்களையும் மாற்றி மாற்றிப் போட்டு நகருகிற இயல்புடையது ஆதலால் தடத்தின் இரு பக்கத்து வடுக்களும் நேருக்கு நேர் அமையாமல் மாறி மாறி விழுந்திருக்கும். வேறு வகை ஆமை ஏறியிருந்தால் பழகிய கண் அதைத் தடத்திலேயே கண்டுகொள்ளும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே கூர் மழுங்கிய குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தால், மற்ற இடங்களில் எதிர்த்து நிற்கும் மணல், ஓரிடத்தில் மட்டும் சட்டென்று வழிவிடும். அதன் கீழே, ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்துக் குறுகி வயிறு அகன்ற குழியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும்.

அதிர்ஷ்டம் இருந்தால் தாயையே காணலாம். பின்னங்கால்களை மாற்றி மாற்றி உள்ளே விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கும். தான் தோண்டும் குழியை அது ஒரு கணமும் திரும்பிப் பார்ப்பதில்லை. முட்டையிட்டு முடித்ததும் மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டி, அடிவயிற்று ஓட்டால் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தும். அந்த இடிப்பின் ஓசை பத்தடி தூரத்தில் நிற்பவர் காதுக்கும் கேட்கும். கண்ணோரத்தில் வழியும் நீரைக் கண்டு, ஆமை பிரசவ வேதனையில் அழுகிறது என்பார்கள்; கடல்நீருடன் உட்கொண்ட அதிகப்படி உப்பைக் கண்ணருகில் உள்ள சுரப்பிகள் வெளியேற்றும் நீர்தான் அது, கடலுக்குள் இருக்கும்போதும் அது இடைவிடாமல் சுரந்தபடியே இருக்கிறது.

நாய்களும் நரிகளும் மனிதர் நடமாட்டமும் மிகுந்த கரையில் முட்டைகளை அப்படியே விட முடியாமையால், அவற்றைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. என் பாட்டி வீட்டில் கோழி அடைகாக்கும் போது, அது அலகால் முட்டைகளை நாளுக்குப் பலமுறை புரட்டிக் கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். புரளாத முட்டை கூமுட்டையாகிவிடும் என்பாள் பாட்டி. ஆமை முட்டைக்கு விதி நேர்மாறானது. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் மேற்புறத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும்; அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு மடிந்து போகும். ஆகையால் எடுப்பதானால் அன்று இரவே, குலுங்காமல் எடுத்து, தாய் தோண்டிய அதே ஆழத்திலும் அதே வடிவத்திலும் புதிய குழி தோண்டி வைத்துவிட வேண்டும்; காலம் தாழ்ந்துவிட்டால் கை வைக்காமல் இருப்பதே தருமம்.

இவ்வளவும் சொன்ன பின், இந்தப் பிராணியிடம் என்னை ஆட்கொண்ட விசித்திரத்துக்கு வருகிறேன். பிறக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது தாயுமல்ல, தந்தையுமல்ல, மணலின் உஷ்ணம். மனிதரிடமும் பறவையிடமும் கருவுறும் கணத்திலேயே முடிவாகிவிடும் இந்த விஷயம், கடலாமையிடம் முட்டை மண்ணுக்குள் கிடக்கும் நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களின் நடுப்பகுதி வரையில் திறந்தே கிடக்கிறது. மணலின் சூடு 29, 30 பாகை செல்சியஸை ஒட்டியிருந்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகப் பிறக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆண்கள் மிகும். மேலே ஏறினால் பெண்கள் மிகும். ஊர்வனவற்றில் இவ்விதம் நிகழ்வதை 1966இல் முதன்முதலாக எழுதியவர், ஓணான் இனம் ஒன்றை ஆராய்ந்த மதலேன் ஷார்னியே என்ற பெண்மணி. நம் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் செய்த ஆராய்ச்சியில், சதுப்புநில முதலையின் முட்டைகள் 32.5 பாகையில் ஆண்களையும் அதைவிடக் குறைந்த சூட்டில் பெண்களையும் தந்தன. பிராணிக்குப் பிராணி கணக்கு மாறுகிறது. சூடே தீர்மானிக்கிறது என்ற விதி மட்டும் மாறவில்லை.

இதை வெறும் அதிசயமாகக் கருதிக் கடந்துபோய்விடக் கூடாது. உலகின் பல கரைகளில் ஆமைகளின் மீது உண்மையான பரிவு கொண்டவர்கள் முட்டைகளைத் தெர்மகோல் பெட்டிகளில் மணலோடு வைத்து, நிழலில் பத்திரமாகப் பொரிக்க வைத்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கடலில் விட்டு மகிழ்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகளுக்குள் சூடு கரை மணலைவிடக் குறைவாகவே இருந்ததால், அவ்விதம் விடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஆண்களாகவே இருந்திருக்கக்கூடும் என்று டொரான்டோவின் நிக்கோலஸ் மரோசோவ்ஸ்கி 1980இல் எடுத்துக்காட்டினார். காப்பாற்றும் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையாண்ட வழிதான் இனத்தின் எதிர்காலத்தையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. இன்றோ ஆபத்து மறு திசையிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் வாழும் இளம் பச்சை ஆமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பூமி சூடேற, மணலும் சூடேறுகிறது. நம் கரையிலும் தை மாதத்துக் குளிர்ந்த மணலில் வைக்கப்பட்ட கூடும் பங்குனி வெயிலில் காய்ந்த மணலில் வைக்கப்பட்ட கூடும் ஒன்றல்ல. ஆகவே பொரிப்பகத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்துத் தினமும் குறித்து வைப்பதும், கோடை முற்றும்போது குழிகளின் மேல் நிழல் பந்தல் இடுவதும், மாலை அணிவித்து விழா நடத்துவதைக் காட்டிலும் நூறு மடங்கு பயனுள்ள சேவை என்பேன். பத்து வயதுப் பிள்ளையும் இதைச் செவ்வனே செய்ய முடியும்.

குறிப்பேட்டின் மதிப்பு இன்னொரு துயரத்திலும் விளங்கும். ஆமை நீருக்குள் வாழ்ந்தாலும் நம்மைப்போல் காற்றைச் சுவாசிக்கிற ஜீவன். விசைப்படகின் இழுவலையில் சிக்கி நெடுநேரம் மேலே வர முடியாமற்போனால் மூச்சு முட்டி இறந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாடே அறியும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை என்று ஆண்டாண்டாகக் கரையில் நடந்தவர்கள் எழுதி வைத்திருந்ததனால்தான், வழக்கத்துக்கு எவ்வளவு மீறியது இது என்று சொல்ல முடிந்தது. வலைக்குள் கம்பிச் சட்டம் பொருத்தி, ஆமை வெளியேற வழிவிட்டு, மீனை மட்டும் உள்ளே நிறுத்தும் ஆமை விலக்குக் கருவி நெடுங்காலமாகவே இருக்கிறது. அதை உபயோகிக்கச் செய்வதில் நாம் காட்டும் அசிரத்தை மன்னிக்கத் தக்கதன்று. மீனவர்களை மட்டும் குறை கூறித் தப்பித்துக் கொள்வதும் நியாயமாகாது. கருவியின் செலவையும், ஓரளவு மீன் நழுவும் நஷ்டத்தையும் அவர்கள் தலையில் மட்டுமே சுமத்திவிட்டு, விலை குறைந்த இறாலை நாம் வாங்கி உண்கிறோம் அல்லவா?

கடிதம் எழுதிய அம்மையாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வனத்துறைக்குத் தெரிவித்து, மீனவப் பெரியவர் ஒருவரையும் பெற்றோரையும் துணைக்குக் கொண்டு, விடியற்காலையில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள், தடத்தை அளக்கட்டும், தேதியிட்டு எழுதட்டும், முட்டையைத் தொடும் வேலை மட்டும் பயிற்சி பெற்றவர்களிடமே இருக்கட்டும். குஞ்சைக் கையில் ஏந்திப் படம் எடுக்கும் ஆசைக்கு மன்றத்தில் இடம் கொடுக்காதீர்கள்.

கடற்கரையில் வீடும் விடுதியும் உணவகமும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணலைப் பிளந்துகொண்டு இரவில் வெளிவரும் குஞ்சு, ஒன்றரை அங்குல உடம்போடு, வெளிச்சமான அடிவானம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். மனிதர் விளக்கேற்றாத காலத்தில் அது எப்போதும் கடலாகவே இருந்தது. இன்று நம் கட்டடங்களின் ஒளி அதைத் தெருவுக்கு இழுத்து, சக்கரத்துக்கும் நாய்க்கும் எறும்புக்கும் இரையாக்குகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முதிர்ந்த ஆமையாகும் என்பது பொதுவான மதிப்பீடு. ஜனவரி முதல் மே முடிய, கடலைப் பார்த்து எரியும் விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். அணைக்க முடியாதவற்றுக்கு மறைப்புப் போட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி திருப்பி வையுங்கள்.