திடீரெனக் கால் வீங்கினால்: தேய்ப்பதற்கு முன் பாருங்கள்

இரவில் நலமாக உறங்கச் சென்றவர், விடியற்காலையில் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் தவிக்கிறார். பாதம் வீங்கியிருக்கிறது. வீட்டில் உள்ளோர் தைலப் புட்டியைத் தேடுகின்றனர். ஒருவர் வெந்நீர் வைக்கிறார். மற்றொருவர் சுளுக்கு எடுப்பவரை அழைக்கலாம் என்கிறார். அன்பினால் செய்யப்படும் இவ்வுதவிகளே சில வேளைகளில் பெருந்தீங்காக முடிகின்றன. காரணம் தெரியாத வீக்கத்தைத் தேய்க்கவோ உருவவோ கூடாது. முதலில் அதனை உற்றுப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை நான்கு. வீக்கம் ஒரு காலிலா, இரு கால்களிலுமா? தொட்டால் சுடுகிறதா, குளிர்ந்திருக்கிறதா? தோலின் நிறம் மாறியுள்ளதா? அடியோ கடியோ பட்டதா, காரணமின்றித் தோன்றியதா? மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. எனவே மறு காலுடன் ஒப்பிட்டு, புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

கெண்டைக்கால் வலியும் வீக்கமும்

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வலித்து, கணுக்கால் வரை வீங்கினால், ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்போர், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், கருத்தடை மாத்திரை உட்கொள்வோர், நீண்ட பயணம் செய்தோர் ஆகியோருக்கு இவ்வாய்ப்பு மிகுதி. உருவிவிட்டால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்றடைக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் மூலம் இதனை உறுதிசெய்து, உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கலாம். அன்றைய தினமே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

குளிர்ந்து வெளிறிய பாதம்

வீக்கமே இல்லாமல் கடும் வலி தோன்றி, பாதம் வெளிறிக் குளிர்ந்து மரத்துப்போனால், தமனியில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். இதயத் துடிப்புச் சீரற்றோர், புகைபிடிப்போர், நீரிழிவு உள்ளோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். இரத்தவோட்டத்தை ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் மீட்காவிட்டால் காலையே இழக்க நேரிடலாம். பாதத்தை உயர்த்தி வைக்காதீர்கள், ஒத்தடமும் கொடுக்காதீர்கள்.

சிவந்து சுடும் பாதம்

கால்விரல் இடுக்கில் உள்ள சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு ஆகியவற்றின் வழியே கிருமிகள் நுழைந்தால், தோல் சிவந்து பளபளத்து, காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும். யானைக்கால் வீக்கம் உள்ளோருக்கு இது மீண்டும் மீண்டும் வருவதுண்டு. சிவந்த பகுதியின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவுவது தொற்று முற்றுவதன் அடையாளம். ஆயினும் அது பரவும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு மட்டும் சிவந்து வீங்கி, போர்வை படுவதையும் பொறுக்க முடியாவிட்டால், அது பெரும்பாலும் யூரிக் அமிலப் படிவினால் வரும் கவுட் நோயே. எனினும் மூட்டினுள் சீழ் பிடித்தாலும் இதே தோற்றம் வரும். ஆகவே முதல்முறை வரும்போது மருத்துவரே வேறுபடுத்திக் காண வேண்டும். வலியின்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பாக இருந்தாலும் கவுட் இல்லை என முடிவு செய்யக் கூடாது.

நீரிழிவு நோயாளிகளுக்கு

நீரிழிவினால் நரம்புகள் உணர்விழந்திருந்தால், எலும்பு முறிந்தாலும் வலி தெரிவதில்லை. புண்ணோ காய்ச்சலோ இன்றி ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினால், அது சார்கோட் பாதம் எனப்படும் எலும்புச் சிதைவாக இருக்கலாம். வலியில்லை என்று நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வடிவமே குலைந்துவிடும். அப்பாதத்தை ஊன்றாமல் அன்றே வந்து காட்டுங்கள். வெந்நீரில் அமிழ்த்துவதும் வேண்டா. சூடு தெரியாமல் தோல் வெந்துபோன நோயாளிகள் உண்டு.

அடிபட்டாலும் கடிபட்டாலும்

கணுக்கால் பிசகியிருந்தால் ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைக்கலாம். நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வயலிலோ இருட்டிலோ நடந்தபின் பாதம் திடீரென வலித்து வீங்கினால், பாம்புக்கடியையும் எண்ணிப் பாருங்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு இத்தகைய வீக்கத்தை உண்டாக்கும். பல் தடம் தெளிவாக இருக்கும் என்பதில்லை. இறுகக் கட்டாமலும், கீறாமலும், காலை அசைக்காமலும் நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இரு கால்களும் வீங்கினால்

பெரும்பாலும் இது இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் குறையையோ, அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்தின் விளைவையோ காட்டும். மருந்தை நீங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிக்குத் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அது அவசர நிலை.

உடனே 108 ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம்
• பாதம் குளிர்ந்து, வெளிறி அல்லது நீலம் பாரித்து, மரத்துப்போதல்
• கடும் காய்ச்சலுடன் மனக்குழப்பம், அல்லது தோல் கருத்துக் கொப்புளித்தல்
• பாம்புக்கடி எனும் ஐயம்

மருத்துவமனைக்கு வரும்போது, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டுவாருங்கள். வலி எந்த மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி உட்கொள்ள வேண்டா. வந்து பார்த்தபின் சாதாரணச் சுளுக்கு என்று அறிந்து வீடு திரும்ப நேர்ந்தால், அதனை வீண் அலைச்சல் என எண்ணாதீர்கள். அந்த உறுதியைப் பெறுவதற்காகத்தான் மருத்துவமனை இருக்கிறது.